ஆடம் வெஸ்ட்

ஆடம் வெஸ்ட் (செப்டம்பர் 19, 1928 – சூன் 9, 2017) ஓர் அமெரிக்க நடிகர் ஆவார். இவரது இயற்பெயர் வில்லியம் வெஸ்ட் ஆண்டர்சன். ஏபிசி தொலைக்காட்சியில் 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான பேட்மேன் தொடரில் தலைமை வேடம் ஏற்றுப் புகழ் பெற்றார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடித்தபோதும் அவ்வொரு வேடத்தாலேயே பெரிதும் அறியப்படுகிறார்.

பேட்மேன் தொடர்

வெஸ்ட், வாசிங்டன் மாநிலத்தின் வால்லா வால்லா நகரில் பிறந்தார். குவிக் பானப்பொடி விளம்பரமொன்றில் ஜேம்ஸ் பாண்டை ஒத்த உளவாளியாக இவர் நடித்ததைக் கண்ட தயாரிப்பாளர் வில்லியம் டோசியர், பேட்மேன் வேடத்துக்கு இவரைத் தெரிவு செய்தார். சனவரி 12, 1966 அன்று தொடங்கிய தொடர் 120 பகுதிகள் ஓடியது. ராபினாக பர்ட் வார்டு நடித்தார்.

நகைப்புக்குரிய வசனத்தையும் சற்றும் சிரிக்காமல், பாடம் நடத்தும் ஆசிரியரைப் போல் நிதானமாகப் பேசுவது வெஸ்டின் பாணி. 1966இல் வெளிவந்த திரைப்படத்தில் வெடிகுண்டை ஏந்தியபடி துறைமுகத்தில் ஓடுவார். எறிய முனையும் இடமெல்லாம் கன்னியாஸ்திரீகள், குழந்தை வண்டியுடன் ஒரு பெண், நீரில் வாத்துகள் என யாரேனும் குறுக்கிடுவர். சிறுவர்கள் இக்காட்சியைச் சாகசமாகவும் பெரியவர்கள் நகைச்சுவையாகவும் கண்டனர்.

வேடத்தின் நிழல்

தொடர் முடிந்தபின் பேட்மேனாகவே பார்க்கப்பட்டதால் வெஸ்டுக்கு முக்கிய வேடங்கள் அமைவது அரிதாயிற்று. 1970களில் கண்காட்சிகளில் பேட்மேன் உடையில் தோன்றி வருவாய் ஈட்டினார். 1989இல் வெளியான பேட்மேன் திரைப்படத்தில் மைக்கேல் கீட்டன் நடித்தார். தம்மை அழைக்காதது குறித்து வெஸ்ட் வெளிப்படையாகவே வருந்தினார்.

1992இல் பேட்மேன் அசைபடத் தொடரின் ஒரு பகுதியில் சைமன் டிரென்ட் என்னும் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். டிரென்ட், முன்பு தொலைக்காட்சியில் முகமூடி வீரராக நடித்துப் பின் வேறு வாய்ப்பின்றி, அந்நாளைய நினைவுப் பொருட்களை விற்றுப் பிழைக்கும் நடிகர். சிறுவயதில் அவரைக் கண்டு வளர்ந்தவரே பேட்மேன் என்பது கதை. வெஸ்டின் வாழ்வையே ஒட்டியமைந்த இப்பகுதி அவரது சிறந்த பணிகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. 2000 முதல் ஃபேமிலி கய் தொடரில், தம் பெயரையே தாங்கிய விசித்திரமான நகரத் தந்தைக்குக் குரல் கொடுத்துப் புதிய தலைமுறையிடமும் அறிமுகமானார்.

இறுதிக் காலம்

2012இல் ஹாலிவுட் புகழ் நடைபாதையில் இவர் பெயரில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 2017இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார். சூன் 15 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகர மண்டபத்தின் மீது பேட்மேனை அழைக்கும் வௌவால் ஒளிச்சின்னம் பாய்ச்சப்பட்டது. பேட்மேனுக்குக் கடைசியாக இவர் குரல் கொடுத்த அசைபடம் அவ்வாண்டு அக்டோபரில் வெளியானது. அதில் எதிரிக்குக் குரல் கொடுத்தவர், ஸ்டார் டிரெக் தொடரின் கேப்டன் கிர்க்காகவே இன்றும் அறியப்படும் வில்லியம் ஷாட்னர்.