தம்போய்: ஒரு பெயரின் பின்னால்



பள்ளியில் மாணவர் ஒருவரையொருவர் "உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று கேலி செய்வதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். சென்னையில் கீழ்ப்பாக்கத்துக்கும், பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் நேர்ந்த அதே கதி ஜொகூரில் தம்போய்க்கும் நேர்ந்தது. மனநல மருத்துவமனை அமைந்த காரணத்தால் ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. ரம்புத்தானைப் போலவே தம்போயும் ஒரு பழத்தின் பெயர் என்பதைப் பிள்ளைகள் அறிவதில்லை. தடித்த தோலும் இனிப்பும் புளிப்பும் கலந்த வெண்ணிறச் சுளையும் உடைய காட்டுப்பழம் அது.

ஜொகூர் பாருவிலிருந்து ஸ்கூடாய் செல்லும் வழியில் உள்ள தம்போய்க்கு இன்று வருவோர் பெரும்பாலும் பிளாசா அங்சானா போன்ற வணிக வளாகங்களையே நாடி வருகின்றனர். வரலாறோ அந்த மருத்துவமனையில்தான் இருக்கிறது. 1937இல் தொடங்கப்பெற்ற அது, இன்று பெர்மாய் மருத்துவமனை என்னும் பெயரில் இயங்கி வருகிறது. 'பெர்மாய்' என்றால் அழகியது என்று பொருள்.

1941 நவம்பரில் ஆஸ்திரேலிய இராணுவத்தின் 13ஆவது பொது மருத்துவமனை சிங்கப்பூரிலிருந்து இக்கட்டடங்களுக்கு இடம்பெயர்ந்தது. மறு மாதமே ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 ஜனவரியில் கிம்மாஸிலும் மூவாரிலும் நிகழ்ந்த போர்களில் காயமுற்றோர் தம்போய்க்குக் கொண்டுவரப்பட்டனர். அம்மாத இறுதியில், பாலம் தகர்க்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னர், மருத்துவமனை சிங்கப்பூருக்கே திரும்பியது.

அதன் பின்னர் நடந்தது நெஞ்சை உருக்குவது. பிப்ரவரி 12ஆம் நாள், தம்போயில் பணியாற்றியோர் பலர் உட்பட 65 ஆஸ்திரேலியத் தாதியர் 'வைனர் புரூக்' கப்பலில் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டனர். 14ஆம் நாள் குண்டுவீச்சில் கப்பல் மூழ்கியது. அவர்களுள் பன்னிருவர் மாண்டனர். பங்கா தீவில் கரையேறிய 22 பேரை, 16ஆம் நாள், ஜப்பானிய வீரர்கள் கடலுக்குள் நடக்கச் செய்து பின்னாலிருந்து சுட்டனர். பிழைத்தவர் ஒருவரே: தம்போயில் பணியாற்றிய விவியன் புல்விங்கல். அவரும் ஏனையோருமாக 32 பேர் சிறைப்பட்டனர். அவர்களுள் தாயகம் மீண்டவர் 24 பேர்.

ஜப்பானியர் காலத்தைக் கற்பிக்கும் பொழுது சயாம் மரண இரயில்பாதையை நாம் தவறாமல் சொல்கிறோம். சொல்லவும் வேண்டும், அது நம் பாட்டன்மாரின் கதை. அதனோடு, நம் வீட்டருகே உள்ள இக்கதையையும் சேர்த்துச் சொல்லலாம். புல்விங்கல் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். 2023இல் கன்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.