விடுப்பில் செல்லும் செயலி



ஓர் ஆசிரியர் விடுப்பில் சென்றால், அவருடைய வகுப்பை யார் கவனிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்கிறோம். கணினிக்குள்ளும் இதே சிக்கல் எழுந்த வரலாறு உண்டு.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம், ஒரே செயலி கொண்ட கணினிக்காகவே எழுதப்பட்டது. 1996-இல் வெளிவந்த 2.0 பதிப்புதான் பல செயலிகளை ஏற்றது. ஆயினும் எண்ணிக்கைக்கு எல்லை இருந்தது. ஒவ்வொரு செயலியையும் ஒரு பிட் குறித்தது; 32 பிட் எண்ணில் 32 செயலிகளுக்கே இடம். 2003 இறுதியில் வந்த 2.6 பதிப்பு, பல எண்களை வரிசையாக அடுக்கி அவ்வெல்லையைக் கடந்தது. இன்று இன்டெல் வகை 64 பிட் கணினிகளுக்கு 8192 வரை அமைக்கலாம்.

அடுத்த சிக்கல் இன்னும் கடினமானது. பழுதான செயலியை, கணினியை நிறுத்தாமலே விலக்குவது எப்படி? அதனிடமுள்ள பணிகள், நேரக்கணிப்புகள், சாதனங்களின் அழைப்புகள் அனைத்தையும் பிற செயலிகளிடம் ஒப்படைக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கணினி உறைந்துபோகலாம். 2.6 வரிசையில் இவ்வசதி சேர்ந்தபோது, ஒப்படைக்கும் முறை சீராக இல்லை. செயலியைச் சேர்க்கும் வேலைகளும் விலக்கும் வேலைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 2016 முதல் தாமஸ் கிளைக்ஸ்னர் முதலானோர் இதனைப் படிப்படியாக ஒழுங்குபடுத்தினர். ஏறும் ஒவ்வொரு படிக்கும் இறங்கும் படி ஒன்று வகுக்கப்பட்டது. இடையில் தவறினால் வந்த வழியே திரும்பலாம்.

லினக்ஸ் மடிக்கணினி ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லும்போதும் ஒரு செயலியைத் தவிர மற்றவை இவ்வாறே பொறுப்பை ஒப்படைத்து விலகுகின்றன. பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகும் இப்பண்பை நம் மாணவர்களுக்கும் எடுத்துரைப்போமே!