ஒரு காது போச்சு, இன்னொன்று பழுது

வாயேஜர் 2 என்றாலே எல்லாரும் நெப்டியூன் படத்தைத்தான் காட்டுவாங்க. நான் அதோட காதைப் பற்றிச் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1977 ஆகஸ்ட் 20-ல் கிளம்பிய விண்கலம். பூமியின் கட்டளைகளைக் கேட்க அதில் ரெண்டு ரிசீவர். ஒரு வாரம் எந்தக் கட்டளையும் வரலைன்னா, "என் காதுலதான் கோளாறு" என்று முடிவுகட்டி, கணினி தானாகவே அடுத்த ரிசீவருக்கு மாறிவிடும். நல்ல ஏற்பாடுதான்.

1978 ஏப்ரலில் அந்த ஒரு வாரக் கெடுவுக்குள் கட்டளை அனுப்ப இங்கே மறந்துட்டாங்க. (கேஸ் ஷீட்டில் ஒரு வரி விட்டுப்போனா என்ன ஆகும்னு வார்டில் வேலை பார்க்கிறவங்களைக் கேளுங்க.) கலம் மாற்று ரிசீவருக்கு மாறியது. அதில் ஒரு கெபாசிட்டர் பழுது. சில மணி நேரத்தில் முதல் ரிசீவருக்கே திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அது மின்கோளாறில் ஒரேயடியாகச் செத்துப்போச்சு. மறுபடி கணினி தானாக மாறும்வரை இன்னொரு வாரம் காத்திருக்கணும்.

கெபாசிட்டர் போனா என்ன? 108 வண்டி நம்மைத் தாண்டும்போது சைரன் சத்தம் மாறுது இல்லையா? அதேபோல, பூமி சுழலச் சுழல, நாம் அனுப்பும் ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் அங்கே போய்ச் சேரும்போது மாறிக்கிட்டே இருக்கும். நல்ல ரிசீவர் அதைத் துரத்திப் பிடிக்கும். இதனால் முடியாது. ஒரே சுருதியில் சொன்னால்தான் கேட்கும். அந்தச் சுருதியும் நிலையில்லை. கலத்தின் வெப்பம் ஒரு டிகிரிக்கும் குறைவா மாறினாலே நகர்ந்துவிடும்.

அங்கே போய் யார் ரிப்பேர் பண்றது? நாசாவின் ஜேபிஎல் பொறியாளர்கள் பேசும் முறையை மாத்தினாங்க. அந்தக் காது இப்போ எந்தச் சுருதியில் இருக்கும்னு கணக்குப் போட்டு, பூமியின் சுழற்சியால் வரும் மாற்றத்துக்கு ஈடுகட்டி, அனுப்பும் அதிர்வெண்ணையே தொடர்ந்து நகர்த்திக்கிட்டே இருந்தாங்க. காது மந்தமான தாத்தாகிட்ட கத்தாதீங்க, அவருக்குக் கேட்கிற மாதிரி பேசுங்கன்னு ஓபியில் வீட்டாளுங்ககிட்ட சொல்வோமே, அதேதான். ஏப்ரல் 13-ல் கலம் கேட்டது.

இதுவும் போயிட்டா? அதுக்காகக் குறைந்தபட்ச வேலைகளை முன்கூட்டியே அதன் கணினியில் ஏற்றியும் வச்சாங்க.

அப்புறம் வியாழன் 1979, சனி 1981, யுரேனஸ் 1986, நெப்டியூன் 1989. கடைசி ரெண்டுக்கும் இன்றுவரை வேறெந்தக் கலமும் போனதில்லை. என்னைக் கேட்டா, அந்தப் படங்களுக்குக் கேமராவைவிட இந்தக் கணக்குக்குத்தான் முதல் நன்றி.

2023 ஜூலையில் தவறான ஒரு கட்டளையால் கலத்தின் ஆன்டெனா பூமியை விட்டு 2 டிகிரி விலகியது. அப்போது தூரம் சுமார் 2,000 கோடி கிலோமீட்டர். அக்டோபர் 15-ல் அது தானாகவே திசையைத் திருத்திக்கொள்ளும். ஆனா அதுவரை காத்திருக்க மனசு வரலை. இந்த முறை கத்தத்தான் வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவின் 70 மீட்டர் டிஷ்ஷிலிருந்து சக்தியைக் கூட்டி அனுப்பினாங்க. போய்ச்சேர பதினெட்டரை மணி நேரம். மொத்தம் 37 மணி நேரம் கழித்து, ஆகஸ்ட் 4-ல், பதில் வந்தது.

கேட்டது 1978-ல் பழுதுன்னு தெரியவந்த அதே காது.