பச்சைத் தண்ணீரில் பட்டினி

இன்னைக்கு எபிசோட் என் கிச்சன் ஜன்னல் ஓரத்தில் இருக்கிற ஒரு பாட்டிலைப் பற்றியது.

2 லிட்டர் கூல் டிரிங்க்ஸ் பாட்டில். உள்ளே உப்புத் தண்ணீர். மூடியில் ஓட்டை போட்டு ஏர் பம்ப் ட்யூப் விட்டிருக்கிறேன், பின்னாடி ஒரு எல்.இ.டி. லைட். தண்ணீர் நல்ல அடர் பச்சை. வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் கேட்கிற கேள்வி, "என்னப்பா, அருகம்புல் ஜூஸா?"

இல்லை. அது ஃபைட்டோபிளாங்க்டன். கடலில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் சுருக்கமாக 'ஃபைட்டோ' என்போம். இதை ரோட்டிஃபர், கோப்பிபாட் மாதிரியான நுண்ணுயிர்கள் சாப்பிடும், அவற்றை மீன் குஞ்சுகள் சாப்பிடும். தொட்டியில் குஞ்சு வளர்க்கணும்னா இந்த பாட்டில்தான் அடுப்படி.

சில மாதங்களுக்கு முன்னால் என் கிளவுன் மீன் ஜோடி முட்டையிட்டது. குஞ்சு பொரிந்தது. இந்தப் பச்சைத் தண்ணீரைக் கொடுத்து ரோட்டிஃபர் வளர்த்து, குஞ்சுகளுக்குப் போட்டேன். தொட்டி முழுக்க ரோட்டிஃபர். குஞ்சுகள் கொத்திச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டு வாரத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சுற்றிலும் சாப்பாடு இருக்கும்போது எப்படிச் சாகும்? இதைத் தேடிப் படிக்கப் போய்தான் இந்த எபிசோடே வந்தது. ஏன்னா எழுபது வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு விரிகுடாவில் சிப்பிகளுக்கு ஏறக்குறைய இதேதான் நடந்தது.

இடம்: நியூயார்க் பக்கத்தில் இருக்கும் லாங் ஐலண்ட் தீவின் தென்கரை. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு நீண்ட மணல்திட்டு, அதற்கு உள்ளே ஆழமில்லாத காயல்கள். ஒன்று கிரேட் சவுத் பே, அதை ஒட்டி இன்னொன்று மோரிச்சஸ் பே. 'ப்ளூ பாயிண்ட்' என்று ஹோட்டல் மெனுக்களில் பெயர் வாங்கிய சிப்பி இந்தக் கிரேட் சவுத் பே கரையின் ஊர்ப் பெயரில்தான் வந்தது.

இதே கரையில் இன்னொரு தொழிலும் இருந்தது. வாத்து. 1873-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பீக்கின் வாத்து, லாங் ஐலண்டில் பெரிய வியாபாரமாக வளர்ந்தது. வாத்துக்குத் தண்ணீர் வேணும், அதனால் காயலில் போய்ச் சேரும் ஓடைகளின் ஓரத்திலேயே பண்ணைகள். எச்சம் எல்லாம் நேராக ஓடைக்கு, ஓடையிலிருந்து காயலுக்கு. போதாக்குறைக்கு மோரிச்சஸ் பேயின் முகத்துவாரம் 1951-ல் மணல் சேர்ந்து அடைத்துக்கொண்டது. உள்ளே போன அழுக்கு உள்ளேயே சுற்றியது.

தண்ணீர் பச்சையாகிவிட்டது. பட்டாணி சூப் மாதிரி. சிப்பி என்பது தண்ணீரை வடிகட்டி, அதில் இருக்கும் பாசியைத் தின்னும் உயிர். நியாயமாகப் பார்த்தால் அதுக்கு இது தீபாவளி. ஆனால் சிப்பிகள் கொழுக்காமல் மெலிந்தன. தொழிலும் சரிந்தது.

வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் ஜான் ரைதர் இதை ஆராய்ந்து 1954-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வழக்கமாக இருக்க வேண்டிய டயாட்டங்கள் இல்லை. டயாட்டம் என்பது கண்ணாடி ஓடு கொண்ட பாசி, சிப்பிகளுக்குப் பிடித்த தீனி. அந்த இடத்தை நானோக்ளோரிஸ், ஸ்டிக்கோகாக்கஸ் என்ற இரண்டு பொடிப் பச்சைப் பாசிகள் பிடித்துக்கொண்டிருந்தன. வாத்து எச்சத்தில் வரும் யூரிக் அமிலம் மாதிரியான நைட்ரஜன் வடிவங்களை இந்த இரண்டும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. பாஸ்பரஸ் அதிகமாகவும், அதற்கு ஏற்ற நைட்ரஜன் குறைவாகவும் இருந்த தண்ணீர் அவற்றுக்கு ஒத்துவந்தது, டயாட்டங்களுக்கு ஒத்துவரவில்லை. சிப்பியின் வயிறு நிறைந்தது, உடம்பில் ஒட்டவில்லை.

அப்போ கேள்வி 'பாசி இருக்கா' என்பதில்லை, 'எந்தப் பாசி' என்பதுதான். இதைச் சோதிக்கணும்னா ஒவ்வொரு பாசியையும் தனித்தனியாகப் பாட்டிலில் வளர்க்கத் தெரியணும். அது அவ்வளவு லேசுப்பட்ட வேலை இல்லை. இங்கே கதையைக் கொஞ்சம் ரீவைண்ட் பண்றேன்.

1890-களில் பியேர் மிக்கேல் என்ற பிரெஞ்சுக்காரர் கடல் தண்ணீரில் சில உப்புகளைச் சேர்த்து டயாட்டங்களைத் தனியாக வளர்த்துக் காட்டினார். இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வுக்கூடத்தில் ஆலன், நெல்சன் என்ற இருவர் அந்த முறையைச் செம்மைப்படுத்தி, 1910-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அவர்கள் வளர்த்த டயாட்டத்தைக் கொடுத்து, கடல் முள்ளெலி மாதிரியான உயிர்களின் குஞ்சுகளைக் கூடத்துக்குள்ளேயே வளர்த்தார்கள். வேண்டிய பாசியை வேண்டிய அளவு வளர்த்து, குஞ்சுக்கு ஊட்டுவது என்ற யோசனை அங்கேதான் உருப்படியாகத் தொடங்குகிறது. (சைடு நோட்: இந்த நெல்சன் அதே வருஷம் கேப்டன் ஸ்காட்டின் 'டெர்ரா நோவா' கப்பலில் உயிரியலாளராக அண்டார்டிகாவுக்குக் கிளம்பிவிட்டார். மனுஷனுக்கு பாட்டில் போரடித்துவிட்டது போல.)

ஆலன் அங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். சுத்தமான ரசாயன உப்புகளை மட்டும் கலந்து செயற்கைக் கடல் நீர் செய்தார். கடல் நீரில் என்னென்ன இருக்கோ எல்லாம் போட்டாயிற்று. பாசி வளரவில்லை. நிஜக் கடல் நீரைக் கொஞ்சமே கொஞ்சம் ஊற்றினால் வளர்ந்தது! 1914-ல் இதை எழுதி வைத்தார். கடல் தண்ணீரில் ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. நம்ம வேலையில், ஒரு கான்ஃபிக் ஃபைல் என் லேப்டாப்பில் ஓடும், சர்வரில் ஓடாது, ஏன்னு யாருக்கும் தெரியாது, அந்த மாதிரி.

இதற்கு விடை கிடைக்க நாற்பது வருஷம் ஆனது. அமெரிக்காவில் லூயிஜி ப்ரொவசோலி, ஸ்காட்லாந்தில் மைக்கேல் ட்ரூப் போன்றவர்கள் 1950-களில் கண்டுபிடித்தது: பல பாசிகளால் தங்களுக்கு வேண்டிய வைட்டமினைத் தாங்களே செய்துகொள்ள முடியாது. முக்கியமாக பி12. ஆமாம், சைவ உணவுக்காரர்களுக்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பாரே, அதே பி12. கூடவே இன்னொன்று, இரும்பு மாதிரி நுண்சத்துகள் கடல் நீரில் படிந்து வீணாகாமல் பிடித்து வைக்க ஈ.டி.டி.ஏ. என்ற பொருள் உதவும் என்பது. இந்த இரண்டும் கையில் கிடைத்த பிறகு பாசி வளர்ப்பு 'கைராசி' சமாச்சாரமாக இல்லாமல் ரெசிப்பியாக மாறியது.

இப்போ மறுபடி மோரிச்சஸ் பே. ராபர்ட் கில்லார்ட், சிப்பிக் குஞ்சுகளுக்கு எந்தப் பாசி தீனியாகும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1958-ல் அந்தக் காயலில் விழும் ஃபோர்ஜ் ஆற்றின் தண்ணீரிலிருந்து ஒரு குட்டி டயாட்டத்தைப் பிரித்தெடுத்தார். வாத்துப் பண்ணைகளால் பெயர் கெட்ட அதே ஆறு. அந்தப் பாசிக்கு '3ஹெச்' என்று லேபிள். அப்போது அதன் பெயர் சைக்ளோடெல்லா நானா, இப்போது தலாசியோசைரா சூடோனானா. அதையும் இன்னொரு டயாட்டத்தையும் வளர்த்துப் பார்த்த முறையை, கில்லார்டும் ரைதரும் சேர்ந்து 1962-ல் வெளியிட்டார்கள். அதில்தான் 'எஃப்' என்ற ஊட்டக் கரைசல் வருகிறது.

அந்த எஃப்-இல் பாதி அடர்த்தி போட்டாலே போதும் என்று பிறகு தெரிந்தது. அதுதான் எஃப்/2. தொட்டி வைத்திருக்கும் உங்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். கடையில் 'ஃபைட்டோ உரம்' என்று குட்டி பாட்டிலில் விற்பதில் பெரும்பாலானவை இதுவே, அல்லது இதன் தம்பி. 1 லிட்டர் கடல் நீருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைட்ரேட், 5 மில்லிகிராம் சோடியம் பாஸ்பேட், ஈ.டி.டி.ஏ.-வோடு இரும்பு, துத்தநாகம் மாதிரியான நுண்சத்துகள், மூன்று வைட்டமின்கள். அதில் பி12 வெறும் 0.5 மைக்ரோகிராம். டயாட்டம் வளர்ப்பதென்றால் ஓடு கட்ட 30 மில்லிகிராம் சோடியம் சிலிக்கேட்டும் வேணும். என் பாட்டிலில் இருப்பது டயாட்டம் இல்லை, அதனால் நான் சிலிக்கேட் போடுவதில்லை.

எனக்குப் பிடித்த விஷயம் இங்கே இருக்கிறது. எஃப்/2-வில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு சுமார் 24 நைட்ரஜன் அணுக்கள். நைட்ரஜன் தாராளம், பாஸ்பரஸ் அளவோடு. மோரிச்சஸ் பேயில் வாத்துகள் கலக்கி வைத்திருந்த கரைசலுக்கு நேர் தலைகீழ். அதைப் பார்த்துத்தான் இதை இப்படி வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிப்பியைப் பட்டினி போட்ட தண்ணீரையும், சிப்பிக் குஞ்சுக்குச் சோறு வளர்க்கும் தண்ணீரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது எனக்கு ஒரு நிமிஷம் சிலிர்த்தது.

அந்த 3ஹெச் சாகவில்லை. பாட்டிலிலிருந்து பாட்டிலுக்கு மாற்றி மாற்றி உயிரோடு வைத்தார்கள். 2004-ல் முழு ஜீனோம் படிக்கப்பட்ட முதல் டயாட்டம் அதுதான். இப்போது மெய்ன் மாநிலத்தில் பிகலோ ஆய்வகத்தில், ப்ரொவசோலி, கில்லார்ட் இருவர் பெயரையும் தாங்கிய தேசியப் பாசி வங்கியில் இருக்கிறது. கேட்டால் அனுப்புவார்கள்.

சரி, என் பாட்டிலில் இருக்கும் பச்சைக்கு வருவோம். அதன் பூர்வீகம் வேற ரூட். ஜப்பானில் விலாங்கு வளர்க்கும் குளங்களில் ரோட்டிஃபர் ஒரு தொல்லையாகத்தான் இருந்தது. 1960-ல் இட்டோ என்பவர் அந்தத் தொல்லையையே மீன் குஞ்சுக்குத் தீனியாக்கலாம் என்று காட்டினார். ரோட்டிஃபருக்குத் தீனி வேணுமே? 'கடல் குளோரெல்லா' என்று ஒரு பச்சைப் பாசியை வளர்த்தார்கள். பொரிப்பகம் பொரிப்பகமாக, டன் டன்னாக. 1986-ல் மருயாமாவும் குழுவும் சரியாகப் பார்த்துச் சொன்னார்கள்: இது குளோரெல்லாவே இல்லை, நானோக்ளோராப்ஸிஸ். தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது, டயாட்டங்கள் இருக்கும் பக்கத்துக் குடும்பம். அத்தனை வருஷம் தவறான பெயரில் சோறு போட்டிருக்கிறது. பச்சையாக, உருண்டையாக இருந்தால் நமக்கு எல்லாம் ஒண்ணு, அவ்வளவுதான்.

நானோக்ளோராப்ஸிஸில் ஈ.பி.ஏ. என்ற கொழுப்பு அமிலம் நிறைய. ஆனால் கடல் மீன் குஞ்சுகளின் கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய டி.ஹெச்.ஏ. கிட்டத்தட்ட இல்லை. அதை மட்டும் தின்ற ரோட்டிஃபரிலும் இருக்காது. அந்த ரோட்டிஃபரை மட்டும் தின்ற குஞ்சு? வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. என் குஞ்சுகள் செத்ததற்கு இது ஒன்றுதான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், வேறு பத்து தப்பு பண்ணியிருப்பேன். ஆனா இது கட்டாயம் அதில் ஒண்ணு.

டி.ஹெச்.ஏ. உள்ள பாசி ஐசோக்ரைசிஸ். தங்கப் பழுப்பு நிறம், நீந்தும். இதையும் கண்டுபிடித்தது சிப்பிக் குஞ்சுக்காகத்தான். 1938-ல் ஐல் ஆஃப் மேன் தீவில், போர்ட் எரின் ஆய்வு நிலையத்தின் ஒரு மீன் குளத்திலிருந்து மேரி பார்க் பிரித்தெடுத்தார். சிப்பிக் குஞ்சின் வாய்க்குள் போகிற அளவு சிறியது, செரிக்க லேசானது.

இந்தப் பாசிக்கு நம்ம ஊரோடு ஒரு உறவு உண்டு. தூத்துக்குடி முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு முத்துச்சிப்பிப் பார்கள் திரும்பத் தேறவில்லை. அங்கிருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் அழகர்சாமியும் அவருடைய குழுவும் 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைக் கூடத்திலேயே பொரிக்கவைத்து வளர்த்தெடுத்தார்கள். கொடுத்த தீனி ஐசோக்ரைசிஸ் கல்பானா. மேரி பார்க் பெயர் வைத்த அதே இனம். ஆயிரக்கணக்கான வருஷமாக முத்துக்குளித்த ஊரில், சிப்பிக் குஞ்சு என்ன சாப்பிடும் என்ற கேள்விக்கு பதில் ஒரு கண்ணாடிக் குடுவையில் இருந்தது.

இப்போ என் ஜன்னலில் இரண்டு பாட்டில். ஒன்று பச்சை, ஒன்று டீ நிறம். இரண்டுக்கும் தனி ஏர் ட்யூப், தனி ஸ்பூன். ஏன்னா பச்சையின் ஒரு துளி பழுப்பில் விழுந்தால் போதும், சில வாரத்தில் இரண்டும் பச்சையாகிவிடும். பழுப்புக்காரர் கொஞ்சம் கோபக்காரர். நம்ம மே மாத வெயில் அவருக்கு ஆகாது, ஏற்கனவே ஒரு தடவை செத்துப்போய் ஃபிரிட்ஜில் வைத்திருந்த பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

கிளவுன் ஜோடி போன செவ்வாய்க்கிழமை மறுபடி முட்டையிட்டிருக்கிறது. பானைக்குப் பின்பக்கம், ஆரஞ்சு நிறத்தில். பொரிக்க இன்னும் மூன்று, நாலு நாள் ஆகும். ரோட்டிஃபருக்கு இந்தத் தடவை இரண்டு பாட்டிலிலிருந்தும் ஊற்றுகிறேன்.