மாமல்லையும் மயிலாடும்பாறையும்

2022ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள். மயிலாடும்பாறைக் கடைவீதியில் ஒரு சுவரொட்டி. வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்து, கைகூப்பி நின்றது ஒரு குதிரை! சாமான் வாங்க வந்த மூதாட்டி ஒருவர் அதன் முன் நின்றார். செருப்பைக் கழற்றலாமா என்று எண்ணுபவர்போலத் தம் காலைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

“இது எந்தக் கோயில் சாமி, வாத்தியாரே?”

நாம் நகைக்கவில்லை. விலங்குத் தலையும் மனித உடலும் எங்கே தெரிந்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள் என்று பல நூற்றாண்டுகளாகப் பழக்கிவிட்ட நாட்டில், அந்த ஐயம் அவர் குற்றமன்று.

“சாமி இல்லை, ஆத்தா. இதுக்குப் பேரு தம்பி. சதுரங்கம் ஆட உலகத்து நாடெல்லாம் மாமல்லபுரத்துக்கு வருது, அதுக்கு அடையாளம்.”

“உலகமே வருதா? நம்ம ஊருக்கா?”

மாமல்லபுரம் அங்கிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அந்தக் கடற்கரையை அவர் கண்டதில்லை. இனிக் காண்பாரா என்பதும் ஐயமே. ஆயினும், தயங்காமல் ‘நம்ம ஊர்’ என்றார். அந்தச் சொல்லுக்கு வரலாறு தரும் சான்று எவ்வளவு, நாம் செலுத்தவேண்டிய கடன் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கவே, தோழர்களே, இதனை எழுதுகிறோம்.

சதுரங்க ஒலிம்பியாட் 1927இல் இலண்டனில் தொடங்கிற்று. 95 ஆண்டுகள் உலகைச் சுற்றிற்று. சதுரங்கத்தின் தாயகம் யாமே என்று மார்தட்டிய இந்தியாவில் ஒருமுறைகூடக் கால் வைக்கவில்லை. 44ஆவது போட்டியும் ரஷ்யாவில் நடைபெற வேண்டியதே. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்தது; மாஸ்கோ போட்டியை இழந்தது. இடமின்றி நின்ற போட்டியை ஏற்கத் தமிழ்நாடு முன்வந்தது. மார்ச்சில் முடிவு, ஜூலை 28இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் தொடக்க விழா. இடையில் நான்கே திங்கள்! பூஞ்சேரியில் அரங்கு அணியமாயிற்று. நேப்பியர் பாலம் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கட்டமாய் மாறிற்று. 186 நாடுகளிலிருந்து ஆயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் வந்தனர். பாலத்தீனத்திலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி. எந்த நாட்டின்மீது படை பாய்ந்ததால் போட்டி இடம் மாறியதோ, அந்த உக்ரைன் நாட்டுப் பெண்களே மகளிர் பிரிவில் தங்கம் வென்றனர். வீட்டை விட்டு, எல்லையைக் கடந்து, போர்ச் செய்தியைக் காதில் வாங்கியபடியே ஆடிய அப்பெண்களுக்கு வெற்றி மேடை அமைத்தது தமிழ் மண். அந்த ஒன்றிற்காகவே பெருமைப்படலாம்.

அடையாளச் சின்னத்திற்குத் ‘தம்பி’ என்று பெயரிட்டதையும் இங்கே குறிக்கவேண்டும். யானைமுகனோ ஆறுமுகனோ அல்ல, தம்பி! வாரந்தோறும் தம்பிக்கு மடல் தீட்டி ஒரு தலைமுறையையே படிக்கவைத்த அண்ணாவின் நாட்டில், அச்சொல்லின் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் பெருமை பேசத் தொடங்கியதும், பின்வாசல் வழியே புராணமும் நுழைந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் திருப்பூவனூர்க் கோயிலில் சதுரங்க வல்லபநாதர் என்று ஒரு பெயர்; சிவன் அரசகுமாரியோடு சதுரங்கமாடி வென்று மணந்தார் என்று ஒரு கதை. தொடக்க விழா மேடையில் இந்தியாவின் தலைமை அமைச்சரே அக்கதையை எடுத்துரைத்தார். மேடை முழுதும் கைதட்டல்! இறைவனே ஆடிய ஆட்டமென்றால், பயிற்சி எதற்கு, பலகை எதற்கு, ஆசிரியர் எதற்கு? கும்பிட்டால் போதுமே!

நம்மவரிலும் சிலர் சளைத்தவரல்லர். கீழடியில் ஆட்டக்காய்கள் கிடைத்தன. ஆகவே சதுரங்கம் தமிழனின் கண்டுபிடிப்பு என்று ஒரே தாவலில் முடிவுகட்டினர். கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்தது உண்மை. ஓய்வும் நகர வாழ்வும் உடைய மக்கள் அங்கே வாழ்ந்தனர் என்பதற்கு அவை சான்று. சதுரங்கம் ஆடினர் என்பதற்குச் சான்றல்ல. சதுரங்கத்தைப் பற்றிய பழங்குறிப்பு ஏழாம் நூற்றாண்டில், வடநாட்டில், பாணரின் ஹர்ஷசரிதத்தில் இருக்கிறது. அங்கிருந்து பாரசீகம் சென்று, அரபு நாடுகள் வழியே ஐரோப்பாவை அடைந்தது அவ்வாட்டம். அரசனுக்கு அருகில் நின்ற மந்திரி அங்கே அரசியானாள். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பலகையிலேயே வலிமை மிக்க காயும் ஆனாள். பிறர் புராணத்திற்குச் சான்று கேட்கும் நாம், நம் பெருமைக்கும் சான்று கேட்கத்தான் வேண்டும்.

அப்படியானால் நம் உண்மையான பெருமை எங்கே தொடங்குகிறது? கோயிலில் அன்று, ஒரு பொது அறையில்!

1935இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர் மானுவல் ஆரோன். 1960இல் லைப்சிக் ஒலிம்பியாட்டில், முன்னாள் உலக வாகையர் மாக்ஸ் யூவேயை வென்றார். 1961இல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியாவில் அவரே முதல்வர். இந்திய வாகையர் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். அத்தகையவர் தம் அறிவைத் தம்மோடு பூட்டி வைக்கவில்லை. 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் மிகயீல் டால் பெயரால் ஒரு சதுரங்க மன்றம் எழ உழைத்தார். பலகை, காய், கடிகாரம், நூல்கள் எல்லாம் அங்கே இருந்தன. குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை. ஆடத் தெரியுமா என்று மட்டுமே கேட்டது அந்த அறை. அங்கே வந்த சிறுவர்களில் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். 1988இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பின்னர் உலக வாகையர். மாஸ்கோ இழந்த போட்டி சென்னைக்கு வந்தது ஏதோ விபத்து என்று எண்ணாதீர்கள். ஐம்பது ஆண்டுகட்கு முன் சோவியத் மக்கள் திறந்து வைத்த அறையே அதற்கு வழியும் வகுத்தது.

அறை இல்லாவிடில் என்னாகும்? அதற்கும் வரலாறு உண்டு. பஞ்சாபின் சுல்தான் கான், நிலக்கிழார் ஒருவரின் பணியாள். 1929இல் ஆண்டையுடன் இலண்டன் சென்றார். 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தைத் தட்டிச் சென்றார். காப்பாபிளாங்காவையே வீழ்த்தினார். ஆங்கில நூல் படித்தறியாத அடிமை, ஆளவந்தோரின் தலைநகரில் ஆளவந்தோரையே வென்றான்! ஆண்டை ஊர் திரும்பினார். ஆட்டக்காரரும் உடன் திரும்பினார். அத்தோடு ஆட்டமும் அடங்கிற்று. அவர் 1966இல் இறந்தார். சிறப்புக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவர் பெயருக்கு வந்தது 2024இல்! அறிவு பிறப்பால் வருவதன்று என்பதற்குச் சுல்தான் கானைவிட வேறு சான்று வேண்டாம். அறிவு மட்டும் போதாது என்பதற்கும் அவரே சான்று.

மாமல்லபுரத்தில் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். தனிநபர் தங்கம் பெற்றார். இந்தியாவின் இரண்டாம் அணியும் மகளிர் முதலணியும் வெண்கலம் வென்றன. 2024இல் புடாபெஸ்டில் இரு பிரிவிலும் தங்கம். அந்த அணிகளில் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூவரும் தமிழ்நாட்டினர். அவ்வாண்டு டிசம்பர் 12இல், சிங்கப்பூரில், 18 வயதில் குகேஷ் உலக வாகையர். இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழ்நாட்டினர். கேட்கக் கேட்க நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அவர்களில் வைகை ஊற்றெடுக்கும் வருசநாட்டு மலையடியிலிருந்து சென்றவர் எத்தனை பேர்? குகேஷின் தந்தை மருத்துவர். மகனோடு நாடு நாடாகச் செல்லத் தம் தொழிலையே நிறுத்தினார். அந்தத் தியாகத்தை வணங்குகிறோம். நாட்கூலிக்கு இலவம்பஞ்சு சுத்தம் செய்யும் தாய் எதை நிறுத்துவாள்? அடுப்பையா?

நம் பள்ளியிலும் அந்த ஜூலையில் போட்டி நடந்தது. அரசுப் பள்ளிகளில் எங்கும் நடத்தச் சொன்னார்கள். இருந்தது ஒரே பலகை. யானைக் காய் ஒன்று காணவில்லை. சோடா மூடியை வைத்தோம். திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடுபுலி ஆடிப் பழகிய சிறுமி ஒருத்தி, மூன்றே நாளில் காய்களின் நடையைக் கற்றாள். மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகள் கூடிநின்று மடக்கும் வித்தையை அறிந்தவளுக்குச் சிப்பாய்களை அணிவகுக்கச் சொல்லித்தரவா வேண்டும்? வட்டாரத்தில் எல்லோரையும் வென்றாள். மாவட்டப் போட்டியில், மேசைமேல் இருந்த கடிகாரத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அழுத்த மறந்தாள். பலகையில் அவள் கை ஓங்கியிருந்தது. நேரம் தீர்ந்து தோற்றாள். திரும்பும் பேருந்தில் அவள் அழவில்லை. “அந்தக் கடிகாரம் என்ன விலை, சார்?” என்று மட்டும் கேட்டாள். நமக்குத்தான் விடை தெரியவில்லை.

தாயத்தில் பகடை உண்டு. விழுந்த எண்ணுக்கு விதியைக் குறை கூறலாம். சதுரங்கத்தில் பகடை இல்லை. எல்லாம் கண்முன் விரிந்து கிடக்கிறது. எனவேதான் பகுத்தறிவாளர்க்கு உகந்த ஆட்டம் அது என்கிறோம். ஆனால் பலகைக்கு வந்து சேருமுன்னரே பகடை உருட்டப்பட்டுவிடுகிறது: எந்த ஊரில் பிறந்தாய், எந்தத் தெருவில் பிறந்தாய் என்று!

மலைக்கு அப்பால் கேரளத்தில், திருச்சூர்ப் பக்கம் மரோட்டிச்சால் என்றோர் ஊர் உண்டு. குடியிலும் சூதிலும் மூழ்கிக் கிடந்த ஊர். தேநீர்க்கடை நடத்திய ஒருவர் சதுரங்கம் கற்பிக்கத் தொடங்கினார். இன்று சதுரங்க ஊர் என்றே அதற்குப் பெயர். கோடிகள் தேவைப்படவில்லை, ஒரு மேசையும், சலிக்காத ஒருவரும் போதுமாயிருந்தது.

நம் இயக்கத்தார் ஊர்தோறும் படிப்பகம் கண்டனர். அங்கே ஏடுகள் வரும். இரண்டு மேசைகள் இருக்கும். ஞாயிறு மாலைகளில் பல வெறுமையாய்க் கிடக்கும். அந்த மேசைகளில் ஒன்றைக் கேளுங்கள், இளந்தோழர்களே. பழைய பலகை இருப்பின் கொண்டுவந்து வையுங்கள். ஆடத் தெரிந்தவர் ஒருவரை அமர்த்துங்கள். பெண்பிள்ளைகளை முதலில் அழையுங்கள். மயிலாடும்பாறையில் நாம் தொடங்கியிருக்கிறோம். பலகை நான்கு, கடிகாரம் ஒன்று. அந்தச் சிறுமிதான் மற்றவர்களுக்கு அதை அழுத்தச் சொல்லித்தருகிறாள்.