பூட் லோடர் புராணம் - எல், ஐ என்று இரண்டே எழுத்து

2001-ல ஒரு ராத்திரி. வீட்டுல இருந்த ஒரே கம்ப்யூட்டர்ல ஒரு பக்கம் விண்டோஸ் 98, இன்னொரு பக்கம் லினக்ஸ். இடம் பத்தலைன்னு பூட் டைரக்டரியைத் தூக்கி வேற பார்ட்டிஷன்ல வச்சேன். பழையதை அழிச்சேன். "ஆஹா, எவ்ளோ சுத்தமா இருக்கு"ன்னு பெருமையா ரீபூட் பண்ணினா கருப்புத் திரை. மேலே ஓரத்துல எல், ஐ-ன்னு இரண்டே எழுத்து. அதோட நின்னுபோச்சு. லினக்ஸும் வரலை, விண்டோஸும் வரலை. தங்கச்சியோட காலேஜ் ப்ராஜெக்ட் விண்டோஸ் பக்கம் இருந்தது, காலையில பிரிண்ட் எடுக்கணும். "அண்ணா, என் ஃபைல் எல்லாம் இருக்குல்ல?"ன்னு கேட்டா. "எல்லாம் பத்திரமா இருக்கு, உள்ள போற வழிதான் தெரியலை"ன்னேன். முறைச்சா பாருங்க ஒரு முறை!

அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம் தேடப் போனதுல ஆரம்பிச்சதுதான் எனக்கு இந்த பூட் லோடர் பைத்தியம். சும்மா சொல்லக்கூடாது, இந்த விஷயத்துக்குள்ள ஒரு நல்ல சரித்திரமே இருக்கு.

முதல்ல கொஞ்சம் பின்னாடி போவோம். 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. 1983 மார்ச்சில் பிசி எக்ஸ்டி என்ற மாடல் 10 எம்பி டிஸ்க்கோடு வந்தது. கூடவே டாஸ் 2.0. ஒரே டிஸ்க்கைப் பிரித்து ஒன்றுக்கு மேற்பட்ட ஆபரேட்டிங் சிஸ்டம் வைக்கலாம் என்று அப்போதே யோசித்து, டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒரு அட்டவணை வைத்தார்கள். அதுதான் எம்பிஆர். மொத்தம் 512 பைட். அதில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 (ஒரு பார்ட்டிஷனுக்கு 16 வீதம் நாலு, பிரைமரி பார்ட்டிஷன் நாலுக்கு மேல் போட முடியாததன் ரகசியம் இதுதான்), கடைசியில் அடையாளத்துக்கு 2. மிச்சம் 446 பைட். பவர் போட்டதும் பயாஸ் இந்த செக்டரை மட்டும் மெமரிக்குக் கொண்டுவந்து, "இனி உன் பாடு"ன்னு கைகழுவிடும். தமிழில் யூனிகோடில் ஒரு எழுத்துக்கு மூணு பைட்னு வச்சா, 446 பைட்டில் இந்தப் பத்தியைக் கூட முழுசா அடைக்க முடியாது. அதற்குள் ஒரு புரோகிராம் உட்கார்ந்து, டிஸ்க்கில் எங்கேயோ இருக்கிற கெர்னலைத் தேடி எடுத்து ஓட்டணும். இது நடக்கிற காரியமா?

ஆரம்பகால லினக்ஸ் ஃப்ளாப்பியிலிருந்துதான் கிளம்பும். 1992-ல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் என்பவர் லிலோவை எழுதினார். லினக்ஸ் லோடர் என்பதன் சுருக்கம். அவர் செய்த தந்திரம் எளிமையானது. 446 பைட்டுக்குள் இருந்துகொண்டு ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அதனால் கற்றுக்கொள்ளவே வேண்டாம்! லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே லிலோ கட்டளையைக் கொடுத்தால், கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த செக்டரில் கிடக்கிறது என்று ஒரு மேப் ஃபைலில் குறித்து வைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போது ஃபைல் பெயரெல்லாம் அதற்குத் தெரியாது, கதவிலக்கம் மட்டும்தான் தெரியும். ஆள் வீடு மாறினாலும் பழைய விலாசத்துலயே போய்க் கதவைத் தட்டும் தபால்காரர் மாதிரி. புது கெர்னல் போட்டாலோ, ஃபைலை நகர்த்தினாலோ லிலோவை மறுபடி ஓட்டியே ஆகணும். நான் ஓட்டலை. வேறென்ன, எல்-ஐ!

அந்த எழுத்துகள் தற்செயல் இல்லை. லிலோ ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரில் ஒரு எழுத்தை அச்சடிக்கும். எல் மட்டும் வந்தால் முதல் கட்டம் ஏறிவிட்டது, ஆனால் இரண்டாம் கட்டத்தை எடுக்க முடியவில்லை (பக்கத்திலேயே இரண்டு இலக்கப் பிழை எண்களும் ஓடும்). எல்-ஐ வந்தால் இரண்டாம் கட்டத்தை எடுத்தாச்சு, ஓட்ட முடியவில்லை. எல்-ஐ-எல் வந்தால் இரண்டாம் கட்டம் ஓடுகிறது, மேப் ஃபைல் படிக்கவில்லை. நாலு எழுத்தும் வந்தால் சுபம். பிழைச் செய்தி எழுதக்கூட இடமில்லாத ஒருவர், தன் பெயரையே பிழைச் செய்தியாக்கிக்கொண்டார். இன்றைக்கும் எனக்கு இதை நினைத்தால் புல்லரிக்கும். (அன்னிக்கு ராத்திரி புல்லரிக்கலை, வயித்தைக் கலக்குச்சு.)

இன்னொரு தலைவலியும் இருந்தது. 1024 சிலிண்டர் எல்லை. பழைய பயாஸ் கூப்பாட்டில் சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட்தான். 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கினால் சுமார் 8.4 ஜிபி. அதைத் தாண்டி கெர்னல் இருந்தால் லிலோவால் எடுக்க முடியாது. டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே பூட்டுக்கென்று சின்னதா ஒரு பார்ட்டிஷன் போடச் சொல்லி அந்தக் கால கையேடுகள் எல்லாம் அடித்துச் சொன்னதற்கு இதுதான் காரணம். பிறகு லிலோவில் எல்பிஏ32 வசதி வந்து, புது பயாஸ் இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்து க்ரப். 1995-ல் எரிக் போலின் என்பவர் குனு ஹர்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை, யூட்டா பல்கலைக்கழகத்தின் மாக் 4 மைக்ரோகெர்னலோடு பூட் செய்யப் பார்த்தார். ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒவ்வொரு பூட் முறை என்று அப்போது ஒரே குழப்பம். சரி, எல்லாருக்கும் பொதுவா ஒரு முறை வைப்போம் என்று ஃபோர்டு என்ற இன்னொருவருடன் சேர்ந்து மல்டிபூட் விதிமுறையை வகுத்தார். முதலில் ஃப்ரீபிஎஸ்டியின் லோடரைத் திருத்திப் பார்த்தார், அதற்குச் சொந்தமாக எழுதுவதே சுலபம் என்று தெரிந்தது. அதுதான் க்ரப். 1999-ல் கோர்டன் மாட்ஸிக்கைட்டும் யோஷினோரி ஒகுஜியும் அதைக் குனு திட்டத்தின் அதிகாரபூர்வ மென்பொருளாக எடுத்து வளர்த்தார்கள். ஹர்டுக்காகப் பிறந்த பிள்ளை லினக்ஸ் வீட்டு வாசலில் காவலுக்கு நின்றது தனிக்கதை. ரெட்ஹாட் 2001-ல் 7.2 பதிப்பிலேயே க்ரப்புக்கு மாறிவிட்டது.

க்ரப்புக்குப் படிக்கத் தெரியும். ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொண்டு, பெயரைச் சொன்னால் போய் எடுத்து வரும். எதுவும் சரியில்லை என்றாலும் ஒரு கட்டளைவரி கொடுக்கும், நாமே தேடிப் பிடித்துக் கிளப்பலாம். அதெப்படி 446 பைட்டுக்குள்? இங்கேதான் வேடிக்கை. அந்தக் காலத்தில் முதல் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில்தான் தொடங்கும். எம்பிஆருக்கும் அதற்கும் நடுவே 62 செக்டர், அதாவது 31,744 பைட், யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு. க்ரப் அங்கே குடிசை போட்டுக்கொண்டது. ஃபைல் சிஸ்டம் படிக்கிற துண்டை அங்கே வைத்தது. புறம்போக்கு என்றால் சும்மா இருப்பார்களா? சில விண்டோஸ் மென்பொருள்கள் உரிமம் சரிபார்க்கும் தகவலை அதே இடத்தில் எழுதி, க்ரப்பின் கூரையைப் பிய்த்தன.

(எண்ணும் முறையிலும் ஒரு வம்பு உண்டு. பழைய க்ரப்பில் டிஸ்க்கும் பார்ட்டிஷனும் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். க்ரப் 2-வில் டிஸ்க் பூஜ்யத்திலிருந்து, பார்ட்டிஷன் ஒன்றிலிருந்து! யாரைக் கேட்பது?)

உபுண்டு 2009 அக்டோபரில் 9.10 பதிப்பில் க்ரப் 2-க்குப் போனது. அதிகாரபூர்வ 2.00 வெளியானது 2012-ல்தான். இதில் மெனுவை நேரடியாகத் திருத்தக்கூடாது, அமைப்பு ஃபைலைத் திருத்திவிட்டு ஒரு கட்டளை ஓட்டணும். அடடா, மறுபடி லிலோ பழக்கம்! ஆனால் மறந்தாலும் கட்டளைவரி இருக்கு, தங்கச்சி முறைக்க மாட்டா.

கடைசியில் எம்பிஆருக்கே வயதாகிவிட்டது. செக்டர் எண்ணுக்கு 32 பிட் என்பதால் 512 பைட் செக்டரில் 2.2 டிபி தாண்டாது. யூஇஎஃப்ஐயும் ஜிபிடியும் வந்தன. இப்போது பூட் லோடர் ஒரு தனி பார்ட்டிஷனில் சாதாரண ஃபைலாக இருக்கும், பட்டா நிலம். ஒருத்தர் இன்னொருத்தரை அழிக்காமல் பக்கத்து பக்கத்தில் குடியிருக்கலாம். சண்டை தீர்ந்ததுன்னு பார்த்தா, 2012-ல் விண்டோஸ் 8 உடன் செக்யூர் பூட் வந்தது. கையெழுத்து இருக்கிற லோடர்தான் கிளம்பும். பெரும்பாலான பிசிகளில் முன்கூட்டியே இருந்தது மைக்ரோசாஃப்டின் சாவி. லினக்ஸ்காரர்கள் ஷிம் என்ற குட்டி லோடரை எழுதி, அதற்கு மைக்ரோசாஃப்டிடமே கையெழுத்து வாங்கி, அதன் வழியாக க்ரப்பைக் கிளப்புகிறார்கள். வசதிதான், பாதுகாப்பும்தான். ஆனால் நம் வீட்டு வாசலுக்கு நாம் சாவி கேட்டு நிற்பது எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

2020-ல் க்ரப் 2-வில் பூட்ஹோல் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கப்புறம் பழைய, ஓட்டை உள்ள பதிப்புகளை மொத்தமாகத் தடுக்க எஸ்பேட் என்ற முறை வந்தது. 2024 ஆகஸ்டில் ஒரு விண்டோஸ் அப்டேட் அந்தத் தடையைப் போட்டது. இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்குப் போடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆனால் பலருக்கு விழுந்துவிட்டது. லினக்ஸ் பக்கம் போனால் ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று ஒரு செய்தி, அதோடு சரி. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய் ஒரு கட்டளை ஓட்டி, திரும்ப இயக்கினார்கள்.

எனக்கு அன்றைக்குக் கைகொடுத்தது, லினக்ஸ் நிறுவும்போது "எதுக்கு இதெல்லாம்"னு சலிச்சுக்கிட்டே செஞ்சு வச்ச ஒரு பூட் ஃப்ளாப்பி. அதைப் போட்டு உள்ளே போய், அமைப்பு ஃபைலில் இடத்தைத் திருத்தி, லிலோவை ஓட்டினேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு நாலு எழுத்தும் வந்தது. காலையில பிரிண்ட் எடுத்தாச்சு.

பி.கு: லிலோ வளர்ச்சி 2015 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. ஆனாலும் 2022-ல் வந்த ஸ்லாக்வேர் 15.0-ல் லிலோ இருக்கு. அந்த எல்-ஐயைக் கண்ணால பார்க்கணும்னு ஆசையிருந்தா போட்டுப் பாருங்க. வீட்டுல யாருக்கும் ப்ராஜெக்ட் இல்லாத நாளா பார்த்து :-)