கடல் கடந்த கதைகள்



கல்விப் பரிமாற்றம் என்றால் விமானம் ஏறி வெளிநாடு போய்ப் படித்து, சான்றிதழ் வாங்கி வருவது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் பெரிய கல்லூரிகளும் உபகாரச் சம்பளமும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நாடு விட்டு நாடு அறிவைச் சுமந்து போனது கதை. அந்த வேலையில் நம் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. அது வேறெங்கோ நடந்ததல்ல. நம் ஜொகூருக்குப் பக்கத்திலேயே, மலாக்காவில் நடந்தது.

பஞ்சதந்திரக் கதைகளைக் கேட்காதவர் நம்மில் குறைவு. முதலையின் முதுகில் ஏறிப் போன குரங்கு, குழந்தையைக் காப்பாற்றியும் அவசரத்தால் கொல்லப்பட்ட கீரிப்பிள்ளை இவையெல்லாம் அந்த நூலில் உள்ளவைதாம். மூன்று இளவரசர்களுக்குப் படிப்பு ஏறவில்லை. விஷ்ணு சர்மா என்னும் பெரியவர் ஆறே மாதத்தில் கதை சொல்லியே அவர்களை அறிவாளிகளாக்கினார் என்று நூல் தொடங்குகிறது. ஆக, இவை பொழுதுபோக்குக் கதைகள் அல்ல. பாடம் நடத்தப் பிறந்த கதைகள்.

வடமொழியில் இருந்த இந்நூலை 6-ஆம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் நௌஷிர்வான் காலத்தில் புர்சோய் என்ற மருத்துவர் பாரசீகத்தின் பழைய மொழியான பஹ்லவிக்குக் கொண்டு போனார். 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபா அதை அரபு மொழியில் எழுதினார். கதையில் வரும் இரண்டு நரிகளின் பெயரால் அந்நூல் ‘கலீலா திம்னா’ என்று புகழ் பெற்றது. 1251-ல் ஸ்பானிய மொழிக்கும், பல மொழிகளைக் கடந்து 1570-ல் ஆங்கிலத்துக்கும் சென்றது. மதமும் மொழியும் வேறாக இருந்தும், எந்த நாட்டாரும் ‘இது நம்ம கதை இல்லை’ என்று தள்ளிவிடவில்லை.

மேற்கே போன கதை மலாய் மக்களிடமும் வந்து சேர்ந்தது. ஒரு வழி, அரபு பாரசீக நூல்களின் வழி. இன்னொரு வழி, நேராகத் தமிழிலிருந்து வந்த வழி. அந்த இரண்டாவது வழியைத் திறந்தவர் முன்ஷி அப்துல்லா.

அப்துல்லாவின் கொள்ளுத் தாத்தா யேமன் நாட்டு அரபுக்காரர். நாகூருக்கு வந்து, பாடம் சொல்லிக் கொடுத்து, அங்கேயே திருமணம் செய்து கொண்டவர். பின்னால் குடும்பம் மலாக்காவுக்கு வந்தது. அப்துல்லா சிறுவனாக இருந்தபோது, தகப்பனார் அவரைத் தமிழ் படிக்கத் தனியே ஓர் ஆசிரியரிடம் அனுப்பினார். அக்காலத்து மலாக்காவில் இந்திய வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். கணக்கெழுதவும் பேசிப் பழகவும் தமிழ் வேண்டியிருந்தது. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அங்கே வழக்கம் என்று அப்துல்லாவே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பிறகு மலாக்காக் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு அவர் மலாய் கற்றுக் கொடுத்தார். அவர்கள் மரியாதையாக அழைத்த ‘முன்ஷி’, அதாவது மொழியாசிரியர், என்ற பட்டமே அவருக்கு நிலைத்துவிட்டது. 1835-ல் தம்பி முத்து வீரபத்தர் என்ற தமிழ் நண்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தமிழ்ப் பஞ்சதந்திரத்தை மலாயில் பெயர்த்தார். ‘ஹிக்காயாட் பஞ்ச தந்தரான்’ என்பது அந்நூலின் பெயர். ஒருவர் தமிழை விளக்க, ஒருவர் மலாயில் எழுத, இரண்டு இனத்தார்க்கும் பொதுச் சொத்தாக ஒரு புத்தகம் உருவாயிற்று. இதைவிடச் சிறந்த கல்விப் பரிமாற்றம் வேறென்ன இருக்க முடியும்?

நம் மாநிலத்துக்கும் இந்தக் குடும்பத்தோடு உறவு உண்டு. அப்துல்லாவின் மகன் முகம்மது இப்ராஹிம் முன்ஷி, பின்னாளில் சுல்தானான அபூபக்காரின் ஜொகூர் அரசாங்கத்தில் பணியாற்றினார். தகப்பனாரைப் போலவே எழுத்தாளர். 1870-களின் தொடக்கத்தில் தாம் செய்த பயணங்களை மலாயில் எழுதி வைத்தார்.

பெற்றோர்களே, இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. “தமிழ் படிச்சு எம் பிள்ளை என்னா சார் செய்யப் போறான்?” என்று சிலர் கேட்கிறார்கள். பால்மரத்திலும் செம்பனையிலும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர்களின் கேள்வி அது. அதை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று இடைநிலைப்பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கப் போகும் அதே அப்துல்லா, தமிழை உட்கார்ந்து படித்தவர். தமிழ் அவர் மலாயைக் கெடுக்கவில்லை. அவர் எழுத்துக்கு வளம் சேர்த்தது. இரண்டு மொழியும் தெரிந்தவன் இரண்டு வீட்டுக்கும் கதவு திறந்தவன்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். “கதை பேசாதே, போய்ப் படி” என்று நாமே பிள்ளைகளை விரட்டுகிறோம். தாத்தா பாட்டி வாயில் இருக்கும் கதை, அவர்கள் கண் மூடினால் அதோடு போச்சு. எந்தக் கைப்பேசியில் தேடினாலும் கிடைக்காது. இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் போதும். ஒரு கதை சொல்லுங்கள்.

மாணவர்களே, நீங்கள் கேட்ட கதையை நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் கேட்கும் சாங் கஞ்சில் கதையை வீட்டில் பாட்டிக்குத் தமிழில் சொல்லுங்கள். ஆற்றைக் கடக்க முதலைகளை வரிசையாக நிற்க வைத்து எண்ணிய அந்தக் குட்டிச் சருகுமானை, குரங்கும் முதலையும் கதை தெரிந்த நம் பாட்டி உடனே புரிந்துகொள்வார். நம் பாட்டி கதையை மலாய், சீன நண்பர்களுக்குச் சொல்லுங்கள். வரும் ஆண்டுப் பரிசளிப்பு விழா மேடையில், ஒரே கதையை ஒரு மாணவர் தமிழிலும் இன்னொரு மாணவர் மலாயிலும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

முன்ஷியும் முத்து வீரபத்தரும் உட்கார்ந்து செய்த வேலை அதுதான். நம் பிள்ளைகளாலும் அது முடியும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!